லாரி, பிக்கப் அடியில் துரு: கறுப்பு கோட்டிங் அடித்தால் மட்டும் போதுமா?

மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ செகண்ட் ஹேண்ட் பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நண்பருடன் சேர்ந்து சின்னதாக ஒரு டெலிவரி தொழில் தொடங்கும் திட்டம். இன்ஜின் நன்றாக இருக்கிறது, டயர் புதுசு. குனிந்து பார்த்தால் சேசிஸ் முழுக்கப் பளபளவென்று கறுப்பு கோட்டிங். "போன வாரம்தான் ஆன்டி-ரஸ்ட் அடிச்சோம், இனி கவலையே இல்ல" என்கிறார் விற்பவர்.

நீங்கள் உஷாராக வேண்டிய இடமே அதுதான். ஏற்கெனவே துரு ஏறிய இரும்பின் மேல் அப்படியே அடித்த கோட்டிங், துருவை நிறுத்தாது. கண்ணில் படாமல் மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் வேலையைத் தொடரும்.

கடலோர ஊர்களில் ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் தண்ணீரும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடிவிடும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். துரு ஏறுவது அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால் அது சூடுபிடிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். மும்பை, கொச்சி மாதிரி ஊர்களில் மழைக்காலத்தில் இந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதாவது மழை பெய்யாத நாளிலும், நிறுத்தி வைத்த வண்டியின் அடிப்பாகம் நனைந்தபடியே இருக்கும்.

பனி கொட்டும் நாடுகளில் ஐஸை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். வண்டிகளுக்கு அது பெரிய தலைவலி. நம் நாட்டில் உப்பு வேறு வழிகளில் வருகிறது: கடற்காற்று, வெள்ளத்தில் தேங்கும் கழிவுநீர், கட்ச் பகுதியிலோ தூத்துக்குடியிலோ ஏற்றும் உப்பு மூட்டை, மும்பை சசூன் டாக் போன்ற துறைமுகங்களில் மீன் ஏற்றும்போது ஐஸோடு சேர்ந்து வடியும் தண்ணீர். இந்த மாதிரி லோடு ஏற்றிய பழைய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை.

துரு எங்கே தொடங்கும்?

கண்ணுக்குத் தெரியும் சமதளப் பரப்பில் அல்ல. தண்ணீரும் சேறும் தங்கும் இடங்களில்தான். சேசிஸும் கிராஸ் மெம்பரும் சேரும் மூலை, கமான் பட்டை மாட்டும் பிராக்கெட், டீசல் டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டையின் உள்பக்கம், மட்கார்டுக்குப் பின்னால் சேறு அப்பும் இடம், பெட்டி வடிவ சேசிஸின் உட்பகுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இணைப்புகள்தான் பலவீனம் என்பதற்குப் பாம்பன் நல்ல உதாரணம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் துருவால் ஏற்பட்ட சேதம் காரணமாக 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் விசேஷ பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை; துருப்பிடிக்காத கம்பிகள், முழுமையாக வெல்டிங் செய்த இணைப்புகள் என்று தண்ணீர் புகும் வழிகளையே குறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பெயின்ட் கடைசிக் கவசம்தான்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே தொடங்கினால், அவற்றை உள்ளிருந்தே நெம்பிப் பிரிக்கும்.

அழகு கெடும், அவ்வளவுதானே?

இல்லை. பிக்கப், எஸ்யூவி போன்றவற்றில் பிரேக் ஆயில் செல்லும் இரும்பு பைப் சேசிஸை ஒட்டியே ஓடுகிறது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கி, பைப் மெலிந்துகொண்டே வரும். சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். பைப் வெடிப்பதும் அப்போதுதான்.

ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளில் ஏர் டேங்க்குக்குள்ளும் தண்ணீர் சேரும். அதன் அடியிலுள்ள வால்வைத் திறந்து அவ்வப்போது வடிக்கச் சொல்வது இதனால்தான்.

பணமும் இதில் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சேசிஸ் அரித்துப்போன வண்டியோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த கோட்டிங் நல்லது?

பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும்.

ரப்பர் அல்லது தார் அடிப்படையிலான கோட்டிங்: கெட்டியாக ஒட்டும், கல் தெறித்தாலும் தாங்கும், சத்தமும் குறையும். புது வண்டிக்கு ஏற்றது. ஆனால் நாளடைவில் இறுகி வெடித்தால், விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து வெளியே வர முடியாமல் தங்கும்.

மெழுகு அல்லது எண்ணெய் அடிப்படையிலானது: சந்துபொந்துகளுக்குள் ஊர்ந்து போகும். பெட்டி வடிவ சேசிஸின் உட்பகுதிக்கு இதுதான் சரி. ஆனால் மழையில் கழுவிப் போகும் என்பதால் ஆண்டுதோறும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

பழைய வண்டிக்கு இரண்டாவது வகை பாதுகாப்பானது. அடியில் என்ன நடக்கிறது என்பதை அது மறைக்காது.

சில ஊர்களில் வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ ஸ்ப்ரே செய்வார்கள். வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிக் கெட்டுப்போகும். பிரேக்கில் பட்டால் வண்டி நிற்காது. மழையில் கழுவப்பட்டு மண்ணுக்கும் போகும்.

கோட்டிங் கடையில் என்ன கேட்க வேண்டும்?

காலையில் விட்டு மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் சந்தேகப்படுங்கள். முறையான வரிசை இது:

1. சேறு, கிரீஸ் போகக் கழுவ வேண்டும்.
2. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும்.
3. முழுசாகக் காய வேண்டும். அவசரப்பட்டு இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.
4. துரு இருந்த இடத்தில் ரஸ்ட் கன்வெர்ட்டர் அல்லது பிரைமர் பூச வேண்டும்.
5. கடைசியில்தான் கோட்டிங்.

சைலன்சர், பிரேக், புரொப்பெல்லர் ஷாஃப்ட், சென்சார், ரப்பர் புஷ் ஆகியவற்றின் மேல் படக்கூடாது. தண்ணீர் வடிய நிறுவனமே விட்டிருக்கும் ஓட்டைகளை அடைக்கவும் கூடாது. அடைத்தால் சேசிஸே தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். புது வண்டி என்றால் வாரன்டி புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடியது

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கடலோரத்தில் போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கலாம். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். தேங்கிய வெள்ளத்தில் ஓட்டினால், வீடு வந்ததும் கழுவிவிடுங்கள். ஈர வண்டியைக் காற்றோட்டம் இல்லாத ஷெட்டிலோ புல்தரையிலோ நிறுத்தாதீர்கள். மேற்குக் கரையில் இருப்பவர்கள் மே மாதத்துக்குள், சென்னைப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியைப் பார்த்துவிடுங்கள்.

சரி, அந்த பிக்கப்பை வாங்கலாமா?

கோட்டிங் அடிப்பதற்கு முந்தைய போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், சேசிஸைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். 'டப்' என்று மந்தமாகக் கேட்டாலோ, கறுப்புத் தோல் உரிந்து செதில் செதிலாக உதிர்ந்தாலோ, மேல்துரு இல்லை அது. பிரேக் பைப்பைக் கிளிப் அருகே விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பாக இருந்தால் பைப்பை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். சேசிஸில் ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

இது எதையும் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றாலும் அப்படித்தான்.