நிலக்கீல் பால்மமாக்கிகள்

நிலக்கீல் பால்மமாக்கிகள் என்பவை, நிலக்கீலை நுண்துளிகளாக நீரில் பரவச் செய்து, அத்துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் காக்கும் வேதிப்பொருட்கள் ஆகும். இவ்வாறு கிடைக்கும் பழுப்பு நிற நீர்மம் நிலக்கீல் பால்மம் எனப்படும். சாலைப் பணியிடங்களில் இதை 'எமல்ஷன்' என்றே சொல்கின்றனர். பால்மத்தின் எடையில் நிலக்கீல் ஏறத்தாழ 50 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். பால்மமாக்கியின் பங்கு பெரும்பாலும் 2 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஆயினும் பால்மம் பீப்பாயில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ஜல்லியின் மீது எவ்வளவு விரைவில் முறியும், எந்த வகைக் கல்லில் நன்கு ஒட்டும் என்பவை பெரும்பாலும் இந்தச் சிறு பங்கைப் பொறுத்தே அமைகின்றன.

பேச்சு வழக்கில் நிலக்கீலைத் 'தார்' என்கிறோம். தார் என்பது நிலக்கரியிலிருந்து பெறப்படுவது. நிலக்கீலோ கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் எஞ்சுவது. இன்றைய 'தார் ரோடு' எல்லாம் நிலக்கீல் சாலைகளே.

தேவை

நிலக்கீல் சாதாரண வெப்பநிலையில் ஜல்லியின் மீது பரவாத அளவுக்குக் கெட்டியானது. அதனால் சூடான கலவை முறையில் அதை ஏறத்தாழ 150° செல்சியஸ் வரை சூடாக்குகின்றனர். இதற்கு எரிபொருள் செலவாகிறது; புகை எழுகிறது; தொழிலாளர்களுக்குத் தீக்காய ஆபத்தும் உண்டு. ஜல்லி ஈரமாக இருந்தால் சூடான நிலக்கீல் அதில் ஒட்டாது. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானைச் சேர்த்து இளக்குவது மற்றொரு முறை. அதில் மண்ணெண்ணெய் காற்றில் ஆவியாகி வீணாவதுடன் தீப்பிடிக்கும் அபாயமும் உள்ளது.

கரைப்பானுக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்துவதே பால்ம முறை. இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஹியூ ஆலன் மேக்கே 1922-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். தொடக்க காலப் பால்மங்கள் காரத்தன்மை கொண்டவை. இன்று பரவலாகப் பயன்படும் நேர்மின் பால்மங்கள் 1950-களில்தான் சாலைப் பணிக்கு வந்தன. மழை மிகுந்த வடகிழக்கு இந்திய மாநிலங்களில் சூடான கலவைக்கு உகந்த உலர்ந்த நாட்கள் குறைவு என்பதால், அங்குள்ள கிராமச் சாலைகளில் பால்மம் கொண்ட குளிர்கலவை முறை பின்பற்றப்படுகிறது. இம்முறைக்கென இந்தியச் சாலைப் பேரவை 2014-இல் தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது.

செயல்படும் விதம்

பால்மமாக்கி மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. ஹைட்ரோகார்பன் சங்கிலியாலான வால், நிலக்கீல் துளிக்குள் புதைந்துகொள்ளும். தலை வெளியே நீரை நோக்கி நிற்கும். துளியைச் சுற்றி நிற்கும் தலைகள் எல்லாம் ஒரே மின்சுமை கொண்டவை. எனவே இரு துளிகள் நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. துளிகளின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்.

பாலும் இப்படிப்பட்டதே. கொழுப்புத் துளிகள் நீரில் மிதந்தும் பால் பிரியாமல் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் திரிந்துவிடுகிறது. நிலக்கீல் பால்மமும் திரியும். ஆனால் நேர்மின் பால்மத்தில் இது தலைகீழ்: அமிலத்தில் நிலையாக இருக்கும், காரம் சேர்ந்தால் திரியும்.

வகைகள்

நேர்மின் பால்மமாக்கிகளில் முக்கியமானவை கொழுப்பு அமீன்கள், டைஅமீன்கள், அமிடோஅமீன்கள், இமிடசோலின்கள் ஆகியன. இவை மாட்டுக்கொழுப்பிலிருந்தோ, பைன் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும்போது கிடைக்கும் டால் எண்ணெயிலிருந்தோ தயாரிக்கப்படுகின்றன. அமீன் தானாக நீரில் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அது உப்பாக மாறி, தலையில் நேர்மின்சுமை பெற்றுக் கரைகிறது. அதனால் இக்கரைசலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2 ஆக இருக்கும். நான்கிணைய அம்மோனியம் உப்புகளுக்கு மட்டும் அமிலம் தேவையில்லை.

எதிர்மின் பால்மமாக்கிகள் சோப்பு வகையைச் சேர்ந்தவை. டால் எண்ணெய்க் கொழுப்பு அமிலங்கள், மரப்பிசின், லிக்னின் ஆகியவற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரியச் செய்து இவற்றைப் பெறுகின்றனர். மின்சுமை இல்லாத வகைகள் பெரும்பாலும் துணையாகவே சேர்க்கப்படுகின்றன. பெண்டோனைட்டு போன்ற களிமண்ணைக் கொண்டும் பால்மம் செய்யலாம். கூரைகளின் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுகளில் இது பயன்படுகிறது.

கல்லும் மின்சுமையும்

துளிகளைப் பிரித்து வைப்பது பால்மமாக்கியின் பாதி வேலைதான். கல்லைத் தொட்டதும் அத்துளிகளை ஒன்றுசேர விடவும் வேண்டும். இதற்கே 'முறிதல்' என்று பெயர். முறியாத பால்மம் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். முன்கூட்டியே முறிந்தால் ஜல்லி பாதி பூசப்படாமல் நின்றுவிடும்.

சிலிக்கா மிகுந்த கற்களின் மேற்பரப்பு நீரில் எதிர்மின்சுமை பெறுகிறது. தமிழகத்தில் ஜல்லிக்காக உடைக்கப்படும் கிரானைட்டு, நைசு, சென்னை பல்லாவரம் பகுதியில் காணப்படும் சார்னோக்கைட்டு ஆகியவை இத்தகையவை. நேர்மின்சுமை கொண்ட அமீன் தலைகள் இக்கற்களால் ஈர்க்கப்பட்டுக் கல்லின் மீது படிகின்றன. காவல் இழந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. கல்லில் படிந்த அமீனின் வால் இப்போது நிலக்கீலை நோக்கி நிற்பதால், அது ஒட்டும் பொருளாகவும் வேலை செய்கிறது. பின்னர் மழைநீர் நிலக்கீலை உரித்தெடுப்பதும் குறைகிறது. நேர்மின் வகைக்கு உள்ள மதிப்புக்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

சுண்ணாம்புக் கல்லில் நடப்பது வேறு. அது அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் பி.எச். உயர்ந்து, நேர்மின் பால்மம் வேகமாக முறிகிறது. எதிர்மின் பால்மமோ அக்கல்லிலிருந்து வரும் கால்சியத்துடன் சேர்ந்து கரையாத சோப்பாகிறது. கடின நீரில் துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிவதும் இதே வினைதான். ஆனால் சிலிக்காக் கற்களின் மீது எதிர்மின் பால்மம் நீர் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஈரமான வானிலையில் அது நீண்ட காத்திருப்பாகிவிடும்.

தயாரிப்பு

ஏறத்தாழ 130° செல்சியஸ் வெப்பமுள்ள நிலக்கீலும், 50° செல்சியஸ் அளவிலுள்ள பால்மமாக்கிக் கரைசலும் கூழ்ம ஆலை என்னும் பொறிக்குள் செலுத்தப்படுகின்றன. வேகமாகச் சுழலும் பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடைவெளியில் நிலக்கீல் துளிகளாகக் கிழிபடுகிறது. நீர் கொதித்துவிடாமல் இருக்க, வெளிவரும் பால்மத்தின் வெப்பம் 100° செல்சியசுக்குக் கீழே இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர். நிலக்கீலில் எஞ்சிய உப்பு, சவ்வூடு பரவலால் நீரைத் துளிக்குள் இழுத்துப் பால்மத்தைத் தடிக்கச் செய்யும். இதைக் குறைக்கச் சிறிதளவு கால்சியம் குளோரைடு சேர்ப்பதுண்டு.

தர வகைகள்

இந்தியாவில் நேர்மின் பால்மங்களுக்கான தரநிலை ஐ.எஸ். 8887 ஆகும். முறியும் வேகத்தைக் கொண்டு ஐந்து வகைகள் குறிக்கப்படுகின்றன. விரைவாக முறியும் ஆர்.எஸ்.-1 பழைய பரப்புக்கும் புதிய அடுக்குக்கும் இடையே தெளிக்கவும், ஆர்.எஸ்.-2 மேற்பூச்சுக்கும் பயன்படுகின்றன. எம்.எஸ். வகை பருஜல்லியுடன் கலக்க ஏற்றது. மெதுவாக முறியும் எஸ்.எஸ்.-1, எஸ்.எஸ்.-2 ஆகியவற்றில் பால்மமாக்கியின் அளவு கூடுதல். துகள்கள் நுண்மையாகும்போது பூச வேண்டிய பரப்பும் பெருகுவதால் பால்மம் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். நுண்ஜல்லி கலவைக்கு ஆர்.எஸ். வகையை ஊற்றினால், கலந்து முடிப்பதற்குள் அது கட்டிகட்டியாகிவிடும்.

களத்தில் நேரும் தவறுகள்

நேர்மின், எதிர்மின் பால்மங்களை ஒருபோதும் கலக்கக் கூடாது. ஒரு வகை இருந்த டேங்கரைக் கழுவாமல் மற்றதை ஏற்றினாலே உள்ளே திரிந்து குழாய்கள் அடைபடும். எந்த வகை என்ற ஐயம் எழுந்தால், பால்மத்தில் இரு மின்முனைகளை வைத்துச் சிறிது மின்சாரம் செலுத்திப் பார்க்கலாம். எதிர்மின்முனையில் நிலக்கீல் படிந்தால் அது நேர்மின் பால்மம்.

நீர் சேர்த்து இளக்குவது எஸ்.எஸ். வகைக்கே பொருந்தும். பைகார்பனேட்டு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், அமீனைக் காக்கும் அமிலத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே முதலில் சிறிதளவு கலந்து பார்ப்பது நல்லது. கலக்கும்போதும் பால்மத்தில்தான் நீரை மெல்ல ஊற்ற வேண்டும். நீரில் பால்மத்தை ஊற்றக் கூடாது. நெடுநாள் நின்ற பீப்பாயில் துளிகள் அடியில் தங்கியிருக்கலாம் என்பதால் திறக்கும்முன் பீப்பாயை உருட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் மிகுதியாகக் காணப்படுவது அவசரம். ஆர்.எஸ்.-1 தெளித்ததும் தரை பழுப்பாக இருக்கும், முறிந்தபின் கருமையாகும். பழுப்பாக இருக்கும்போதே அடுத்த அடுக்கைக் கொட்டினால் நீர் இடையில் சிறைப்படும். அவ்விடத்தில் இரு அடுக்குகளும் சரியாக ஒட்டாமல், போக்குவரத்து தொடங்கியபின் மேலடுக்கு தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.