வேடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் விடியும் வரை அர்ச்சுனனாகவே பேசுவார், ஆடுவார். கம்ப்யூட்டரில் இதற்கு இணையானவை ‘ரோல் பிளேயிங் கேம்ஸ்’. ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் சூட்டி, அதுவாகவே கதைக்குள் நீங்கள் நடமாடலாம். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் பல நாட்டவரும் உடன் ஆடுவார்கள்.

2004ல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அத்தகைய கேம். நார்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். கேமிலோ ‘இபெலின்’ என்ற பெயரில் ஓடினார், சண்டையிட்டார். உடன் ஆடியவர்களின் கவலைகளைக் கேட்டு ஆறுதலும் சொன்னார்.

2014ல், 25 வயதில் அவர் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என வருந்திய பெற்றோர், இணையத்தில் மரணச் செய்தியை அறிவித்தனர். பல நாடுகளிலிருந்து இமெயில்கள் குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கு நேரிலேயே வந்தனர். 2024ல் இவரது வாழ்க்கை டாக்குமெண்டரி படமாகவும் வெளிவந்தது.

உங்கள் பிள்ளை ஆன்லைன் கேம் ஆடுகிறாரா? முகவரி, போன் நம்பரை யாருக்கும் தர வேண்டாம் எனச் சொல்லுங்கள். அத்துடன் பக்கத்தில் உட்கார்ந்து, உடன் ஆடுபவர்கள் யார் என்றும் கேளுங்கள்.