மாரியும் ஒரு குளிர்காலம்தான்

நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்மேல் உறைபனி படிந்தால் பத்திரிகைகள் படம் போடுகின்றன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரை நீளும் கிழக்குக் கரையோரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இந்தக் கரைக்குக் குளிர்காலமே கிடையாது என்று சொல்லிவிடலாம். வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு அது சரியாகவும் படும். ஆனால் உழைப்பு நின்று, செலவு ஏறி, ஊர் வீட்டுக்குள் முடங்கும் மாதங்களைக் குளிர்காலம் என்று கொண்டால், ஐப்பசிக் கடைசி முதல் தை வரையான மாரி இவ்வூர்களின் குளிர்காலம்தான். ஆண்டுதோறும் தவறாமல் வரும் இந்தப் பருவத்தை அரசாங்கம் திடீர் அனர்த்தமாக மட்டுமே நடத்துகிறது. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மாரியின் கொடுமை, கடலும் வயலும் ஒரே நேரத்தில் கூலியை நிறுத்துவதில் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் கரைவலை இழுக்க வழியில்லை, தோணிகள் கரையேறிவிடும். அதே நேரம் முன்மாரி வேளாண்மை ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டு, பெப்ரவரி, மார்ச்சில்தான் அறுவடைக்கு வரும். இடையில் களை பிடுங்கும் வேலையாவது ஒருகாலத்தில் பெண்களுக்குக் கிடைத்தது. இப்போது அதன் பெரும்பங்கைக் களைநாசினி எடுத்துக்கொண்டது. மருதமுனை நெசவாளருக்கும் விடிவில்லை. சாயமிட்ட நூல் காய வெயில் வேண்டும். மேசன் வேலையும் மழையில் நின்றுபோகும். ஒரு தொழில் கைவிட்டால் இன்னொன்றைப் பிடிக்கலாம் என்ற ஏற்பாடு மாரியில் செல்லாது. எல்லோருடைய கணக்கும் கடைக் கொப்பியில் ஏறி, அறுவடைக் காசில்தான் இறங்கும்.

இருபது பாகையெல்லாம் ஒரு குளிரா என்று கேட்கலாம். நனைந்த உடம்பும் ஓயாத காற்றும் சேர்ந்தால் அதுவே கொல்லும். 2022 டிசம்பரில் மன்டௌஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. வயல் வட்டைகளில் விதைப்பு முடிந்தால் மாடுகளை அப்புறப்படுத்தியாக வேண்டும். மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போகிறது. கொட்டில் இல்லாமல், அரைவயிற்றோடு வெட்டவெளியில் நின்ற மாடுகளுக்கு அந்தக் காற்று போதுமானதாக இருந்தது. மனிதருக்கு வேறு ஆபத்து. சேற்றில் இறங்குபவரை எலிக்காய்ச்சல் தேடி வருவதும் இந்தப் பருவத்தில்தான்.

மழை இல்லாவிட்டால் சோறு ஏது என்பது இன்னொரு வாதம். மறுக்க முடியாது. சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கம் நிரம்புவதும் இந்த மழையால்தான். சிறுபோகமும் அந்த நீரை நம்பியே இருக்கிறது. ஆனால் மழையின் பலன் வயல் உள்ளவருக்கும் ஆலைக்காரருக்கும் முதலில் போகிறது. கூலிக்காரருக்குக் கடைசியில் வருகிறது. பயிர்க் காப்புறுதிகூட அழிந்த பயிருக்குத்தான், வேலையில்லாமல் போன நாட்களுக்கு இல்லை. சனங்களுக்கு மாரி பழக்கம்தானே, சமாளித்துக்கொள்வார்கள் என்பாரும் உண்டு. முன்பு அறுவடை நெல்லில் ஒரு பங்கு வீட்டிலேயே கிடந்தது, கருவாடும் இருந்தது. இப்போது களத்திலிருந்தே நெல் லொறியில் ஏறுகிறது. மாரியில் அதே நெல்லைக் கடையில் அரிசியாக, கூடிய விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. பள்ளிவாசலும் ஸகாத்தும் சிலரைத் தாங்கும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தொழில் இழந்தால் அவை எத்தனை பேரைத் தாங்கும்?

பருவத்தை அனர்த்தம் என்று எண்ணுவதன் விலையை 2024 நவம்பர் 26 காட்டியது. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில், வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது, பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தாழ்நில வீதியில் மாரியில் நீர் ஏறும் என்பது ஊருக்குத் தெரியும். மறுநாள் உயர்தரப் பரீட்சை நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டது. 2025 நவம்பரிலும் அதே பரீட்சை, அதே மழை, அதே இடைநிறுத்தம். தாழ்ந்த வீதிகளை எப்போது மூடுவது, பிள்ளைகளை எப்படி வீடு சேர்ப்பது, வேலையற்ற குடும்பங்களுக்கு உலர் உணவை எங்கே சேமித்து வைப்பது என்பதைப் பிரதேச செயலகங்கள் செப்டம்பரிலேயே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களம் அடுத்த அட்டவணையைப் போடுமுன் கிழக்கின் மழைக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.