தினை மட்டும் போட்டால் முட்டை சிக்கும்!

கூண்டில் பானை கட்டியாகிவிட்டது. முதல் முட்டைக்காக வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து லவ் பேர்ட்ஸ் பெட்டை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். 'என்ன நோய்?' என்று கேட்பவர்கள் தீவனக் கிண்ணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்படிச் சாகும் பெட்டைகளில் பலவற்றுக்கு முட்டை உள்ளேயே சிக்கியிருக்கும்.

நம் வீடுகளில் வருஷம் முழுக்கத் தினைதான். 100 கிராம் தினையில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து சுமார் 31 மில்லிகிராம். கேழ்வரகில் 344. முட்டை ஓடோ 90 சதவிகிதத்துக்கு மேல் சுண்ணாம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் என 4 முதல் 6 முட்டை இடும் பெட்டை, தீவனத்தில் கிடைக்காததைத் தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் குறைந்தால் ஓடு தோல்போல மெத்தென்று ஆகிவிடும். பலருக்கும் தெரியாத விஷயம், முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் இதே சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்பது.

கடைகளில் 'கடல் நுரை' என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்த்து இருக்கட்டும். கிடைக்காத ஊரில், கோழிமுட்டை ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்துப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். தினையோடு கம்பு, கேழ்வரகு கலந்து, முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முளைகட்டிய பயறும் துளி அவித்த முட்டையும் புரதத்துக்கு. சூரியகாந்தி விதையை அள்ளிப் போட்டால் கொழுப்புதான் சேரும். கொழுத்த பெட்டைக்கும் முட்டை சிக்கும்.

காலை இளவெயில் அரை மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். கூண்டில் பாதி நிழல் இருக்கட்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி உருவாகாது. அது இல்லாமல் தின்ற சுண்ணாம்பு உடம்பில் சேராது.

இதையெல்லாம் பானை கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குஞ்சு விற்பனைக்காகப் பானையைக் கழற்றாமலே விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு 2 ஈடு போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பெட்டை தாங்காது.

வால் மேலும் கீழும் ஆடுவது, முக்குவது, கால் தள்ளாடுவது எல்லாம் முட்டை சிக்கியதற்கான அறிகுறிகள். கூண்டைப் பாதி மூடி, வெளியே குண்டு பல்பு எரியவிட்டு வெதுவெதுப்பாக வையுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது; உள்ளே முட்டை உடைந்தால் பிழைப்பது கடினம். ஓரிரு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால், காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் போடும் கால்சியம் ஊசியிலேயே முட்டை வெளியே வந்துவிடுவதும் உண்டு.