பெரிதாக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் 'மேக்னிஃபை' என்பது தோற்றத்தை மட்டும் பெரிதாக்குவது. பூதக்கண்ணாடிக்கு அடியில் உள்ள எறும்பு வளர்வதில்லை. கண்ணுக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இதே சொல் இறைவனைப் போற்றுவதையும் குறிக்கிறது. இன்று அந்தப் பொருள் வழிபாட்டு மொழிக்கு வெளியே அரிது.

'என்லார்ஜ்' என்றால் அளவே உண்மையில் கூடுகிறது. சிறிய ஃபிலிமிலிருந்து பெரிய படம் அச்சிட இருட்டறையில் பயன்பட்ட கருவிக்கு 'என்லார்ஜர்' என்று பெயர். வீங்கிய கல்லீரலைக் குறிக்கவும் மருத்துவர்கள் இச்சொல்லையே கையாள்கிறார்கள்.

'எக்ஸ்பேண்ட்' விரிவைச் சொல்வது. சூடேறிய உலோகம் விரிகிறது, வணிகம் புதிய ஊர்களுக்குப் பரவுகிறது. விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வது பற்றி எட்வின் ஹப்பிள் 1929-இல் வெளியிட்ட கணக்கு, பிரபஞ்ச விரிவுக்கு முக்கியச் சான்றானது. அந்த விரிவுக்கும் இதே சொல்தான். அங்கே 'என்லார்ஜ்' பொருந்தாது.

இதனுடன் அதிகம் குழம்புவது 'எக்ஸ்டெண்ட்'. இது நீட்டிப்பு. ஏணி, சாலை, விசா, கடைசித் தேதி என நீளமோ காலமோ உள்ளவற்றுக்கு இது உரியது. பலூனை 'எக்ஸ்பேண்ட்' செய்யலாம். விடுமுறையை 'எக்ஸ்டெண்ட்' தான் செய்ய வேண்டும்.

'ஆம்ப்ளிஃபை' ஒலிக்கும் மின் சமிக்ஞைக்கும் உரியது. வானொலிப் பெட்டிக்குள் நடப்பதும் இதுவே: ஆன்டெனாவில் சிக்கும் மிக மெல்லிய அலை, ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலுவூட்டப்படுகிறது.