ஊசி முனையில் ஒரு நத்தார்ப் பாட்டு

"இ" என்ற எழுத்தை மூன்று தரம் தைத்து மூன்று தரமும் பிரித்துவிட்டேன். இரவு வேலை முடிந்து வந்து, பார்க்டேலில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் துணியை விரித்து வைத்திருந்தேன். தாதியாகத் தினமும் ஊசியோடு பழகுகிற எனக்கு இந்தச் சின்ன ஊசி அடங்க மறுத்தது.

நான் தைத்தது நத்தாருக்கு ஒரு சாம்ப்ளர். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் தையல் பழகும்போது எழுத்து, பூ, பெயர், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே துணியில் தைத்துக் காட்டுவார்கள். அந்த மாதிரித் துணிதான் சாம்ப்ளர். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலையிலும் வாசிப்போடு தையல் கற்பித்தார்கள். அங்கே படித்த என் அம்மம்மாதான் எனக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவர்.

என்ன பாட்டைத் தைப்பது என்று யோசித்தபோது, நாம் வாழும் ஒன்ராறியோவிலேயே பிறந்த ஒரு கரோல் நினைவுக்கு வந்தது. ஆங்கில ஆராதனைகளில் ஹூரோன் கரோல் என்று பாடுவார்கள். வென்டாட் மக்களின் மொழியில் அதன் பெயர் "இயேசு பிறந்தார்" என்ற பொருள் தரும். 1640களில், இன்றைய மிட்லண்ட் நகருக்கு அருகில் இருந்த செயின்ட் மரி மிஷனில், பிரெபஃப் என்ற யேசு சபைக் குரு பழைய பிரெஞ்சு மெட்டில் இதை எழுதினார் என்பது மரபு.

நாம் பாடும் ஆங்கில வரிகளை ரொறன்ரோ எழுத்தாளர் ஜெஸ்ஸி எட்கர் மிடில்டன் 1926இல் எழுதினார். முயல்தோலில் சுற்றிய பாலன், மரப்பட்டைக் குடிசை எல்லாம் அவருடைய கற்பனை. வென்டாட் மூலத்தில் அவை இல்லை. நம்மை அடிமையாக்கிய ஆவி ஓடிவிட்டது என்ற செய்தி அதில் இருக்கிறது. பாலனைக் காண வந்தவர்கள் அவர் தலையில் எண்ணெய் தடவி மரியாதை செய்கிறார்கள். இதை வாசித்தபோது, குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைக்கும் நம் அம்மம்மாமார்தான் என் கண்ணில் வந்தார்கள்.

ஆனால் இது இனிமையான கதை மட்டுமல்ல. ஐரோப்பியர் வருகையோடு வந்த அம்மை முதலிய தொற்றுநோய்களால், 1640க்குள் வென்டாட் மக்களில் பாதிப்பேர் அளவில் மாண்டார்கள். செயின்ட் மரியில் ஒரு மருத்துவமனையும் இருந்தது. ஆனால் அந்த நோய்க்கு அங்கே இருந்தவர்களிடம் மருந்து இல்லை. மருத்துவமனையில் வேலை செய்கிற எனக்கு அந்த இடத்தைத் தாண்டி வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. 1649இல் போர் வந்தது. பிரெபஃப் கொல்லப்பட்டார். மிஷனை அதன் குருமாரே தீவைத்துவிட்டு வெளியேறினார்கள். கூடப்போன மக்களில் பலர் ஒரு தீவில் பட்டினியால் இறந்தார்கள். மீந்தவர்களில் சுமார் 300 பேர் 1650இல் கியூபெக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பாட்டு அவர்களோடு போனது. 18ஆம் நூற்றாண்டில்தான் கியூபெக்குக்கு அருகில் லொரெட்டில் ஒரு குரு அதை எழுதிவைத்தார். அதுவரை நூறு வருடத்துக்கு மேலாக, வீடிழந்தவர்களின் வாய்தான் அதற்குப் புத்தகம்.

நம் வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மம்மாவின் பையில் அடையாள அட்டையும் மாற்று உடுப்பும்தான் இருந்தன. பாட்டுப் புத்தகம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த வருட நத்தாரை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கொண்டாடினோம். அம்மம்மா தொடங்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஒருவருக்கு மறந்த வரி இன்னொருவருக்கு நினைவிருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. தெரிந்த வரியை உரக்கப் பாடினேன்.

ஆகவே என் சாம்ப்ளரில் மிடில்டனின் முயல்தோலைத் தைக்கவில்லை. மேலே ஒரு நட்சத்திரம், கீழே ஒரு எண்ணெய்க் கிண்ணம், நடுவில் தமிழில் "இயேசு பிறந்தார்". தைக்க விரும்புகிறவர்களுக்கு: அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள அய்டா துணி வாங்குங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளடி. அதுதான் கிராஸ் ஸ்டிட்ச். எல்லாப் புள்ளடியிலும் மேல் தையல் ஒரே பக்கம் சாய வேண்டும். எழுத்தை முதலில் கட்டத்தாளில் வரையுங்கள். "ப" சுகம், மூன்று கோடுகள்தான். "இ" சுழி சுழியாக வரும், கட்டத்துக்குள் அடங்காது. நாலாவது தரம் எழுத்தை 20 கட்ட உயரத்துக்குப் பெருப்பித்து, வளைவுகளை மட்டும் பின்தையலால் முடித்தபிறகே அது "இ" போல வந்தது.

"இயேசு பிறந்தார்" என்பதில் எட்டு எழுத்துகள். தம்பி தங்கைமாரே, உங்களில் பலருக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு எழுத்தாக எட்டுப் பேர் தைத்தால், அட்வெந்தின் நாலு கிழமைக்குள் ஒரு துணி முடிந்துவிடும். ஆண்பிள்ளைகளும் வரலாம்; தையல் போடும் டொக்டர்மார் எத்தனையோ பேரை நான் பார்க்கிறேன். மூன்று தரம் பிரித்துத் தைத்த எழுத்தை உங்கள் கை மறக்காது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கேட்டு, ஒரு நத்தார்ப் பாட்டை முழுதாக மனப்பாடம் பண்ணுங்கள். போனைப் பார்க்காமல் பாட வர வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் கீழ் மண்டபத்தில் ஊசி, நூல், துணியோடு இருப்பேன். பாடிக் காட்டிவிட்டு உங்கள் எழுத்தைத் தெரிந்தெடுங்கள். "இ" யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.