எல்லை தாண்டும் கார்கள் – 6
ஸ்கைலைனுக்காக 25 வருடம்

போன வாரம் பார்த்த மெர்சிடீஸ் விவகாரம் 1988-இல் ஒரு சட்டத்தில் போய் முடிந்தது. டாலர் மதிப்பு ஏறியிருந்த காலம். ஜெர்மனியில் மலிவாகக் கிடைத்த காரை ஆளாளுக்குக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-இல் மட்டும் அப்படி இறங்கியவை 60,000-க்கும் மேல். உள்ளூர் ஷோரூம்களில் வியாபாரம் படுத்தது. மெர்சிடீஸின் அமெரிக்கக் கிளையும் டீலர்களும் வாஷிங்டனை விடாமல் நெருக்கினார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி தயாராகாத காரை, அரசு அங்கீகரித்த இறக்குமதியாளர் விதிக்கேற்ப மாற்றித் தந்தாலொழிய உள்ளே விடக் கூடாது என்று சட்டம் வந்தது. தயாராகி 25 வருடம் ஆகிவிட்டால் மட்டும் விலக்கு. ஜெர்மன் காருக்காகப் போட்ட இந்தப் பூட்டில் வசமாகச் சிக்கியது ஒரு ஜப்பான் கார்.

அடுத்த வருடமே, 1989 ஆகஸ்டில், நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் விற்பனைக்கு வந்தது. தலைமுறைக் குறியீடு ஆர்32. ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 2,568 சிசி. அதென்ன 2,568? குரூப் ஏ பந்தய விதியில் டர்போ இன்ஜின் என்றால் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். பெருக்கினால் 4,366 வரும்; 4,500 சிசி பிரிவுக்குள் அடங்கிவிடும். பந்தயத்தை மனதில் வைத்தே வடித்த இன்ஜின் அது. சாதாரணமாகப் பின்சக்கரங்களில் ஓடும் கார், அவை வழுக்கும்போது கணினி வழியாக முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும். ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 போட்டிகளிலும் ஜிடி-ஆர்தான் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்டில் 1991, 1992 இரண்டு வருடமும் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் இதே காரில்தான் வென்றார்கள். அந்த ஊர்ப் பத்திரிகை சூட்டிய ‘காட்ஸில்லா’ என்ற பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் நிஸான் அதை விற்கவே இல்லை. அங்கிருந்த பையன்கள் ப்ளேஸ்டேஷனில் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாடித்தான் அந்தக் காரை ஓட்டினார்கள். 2003-இல் ‘2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஆர்34-இல் வந்து இறங்கியதும் ஏக்கம் இரட்டிப்பானது. இடையில் கலிஃபோர்னியாவின் மோட்டோரெக்ஸ் நிறுவனம் மோதல் சோதனை நடத்தி, 1990 முதல் 1999 வரையிலான ஸ்கைலைன்களுக்கு அனுமதி வாங்கியது. சோதித்தது ஆர்33 கார்களை மட்டும் என்று பின்னால் தெரியவர, அனுமதியின் பெரும்பகுதி ரத்தானது. மற்றவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2014 ஆகஸ்டில் கதவு திறந்தது. வயதை மாதக் கணக்கில் பார்க்கிறார்கள். 1989 செப்டம்பரில் தயாரான காரை ஆகஸ்டில் இறக்கினால் சிக்கல்தான். போக்குவரத்துத் துறைக்கு எச்எஸ்-7 என்ற படிவம், சுற்றுச்சூழல் துறைக்கு 3520-1. சுற்றுச்சூழல் விலக்குக்கு 21 வருடம் போதும். ஆனால் இன்ஜின் கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும்.

காகிதம் எளிது. கஷ்டம் காரைத் தேர்ந்தெடுப்பதில்தான். ஜப்பானின் பழைய கார்கள் பெரும்பாலும் ஏலத்தில் கைமாறுகின்றன. ஒரு காருக்குக் கிடைப்பது சில வினாடிகள். கடல் கடந்து வாங்குபவருக்கு ஆதாரம் ஏலத் தாள் ஒன்றுதான். மூலையில் மதிப்பெண்: நாலு, நாலரை என்றால் நல்ல கார், ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது. உட்புறத்துக்கு ஏ, பி, சி என்று தனி எழுத்து. கீழே காரைப் பிரித்துப் போட்டது போல ஒரு கோட்டுப்படம். அதன்மேல் பேனாவால் குறித்த சங்கேதங்கள். ஏ1 சின்னக் கீறல். யூ2 கொஞ்சம் பெரிய ஒடுக்கு. டபிள்யூ என்றால் டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்த தடம். எஸ் துரு. எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது.

இந்தத் தாளில் என் கண் முதலில் தேடுவது எஸ் எழுத்தைத்தான். பனி கொட்டும் வட ஜப்பானில் சாலைக்கு உப்பு போடுவார்கள். அங்கே ஓடிய காரின் மேற்புறம் பளபளக்க, அடிப்புறம் பொடிந்து போயிருக்கும். முன்பக்க ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம், பக்கவாட்டு அடிச்சட்டம், பின்சக்கர வளைவு மூன்றையும் ஓர் ஆள் நேரில் குனிந்து பார்த்துப் படமெடுத்து அனுப்பாமல் ஏலம் கேட்கவே கூடாது. அரிய நிறம், குறைந்த கிலோமீட்டர் என்று மயங்கித் துருப்பிடித்த காரை வாங்குவதைவிட, நிறைய ஓடியிருந்தாலும் பராமரிப்புக் கணக்கு முழுசாக இருக்கும் காரை வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டம் இது. ஏர்பேக் இல்லாத 1989 ஆர்32-ஐ 2014-இல் வரவேற்றார்கள். ஏர்பேக்கும் உறுதியான கூடும் கொண்ட ஆர்34 அதே நாளில் அதே துறைமுகத்துக்கு வந்திருந்தால் சாதாரண வழியில் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். எது உயிரைக் காக்கும் என்று பார்க்காமல் வயதை மட்டும் பார்க்கும் விதி வியாபாரத்தைக் காக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து நாடான கனடாவில் 15 வருடம் போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மாதிரியான சாலைகளில்தான் அந்தக் கார்கள் ஓடுகின்றன.

வலப்பக்க ஸ்டியரிங் அமெரிக்காவில் குற்றமில்லை. கிராமப்புறத் தபால்காரர்கள் அப்படி ஓட்டுகிறார்கள். இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போதுதான் எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் விலக்கு கிடைத்தாலும் கலிஃபோர்னியாவில் நம்பர் பிளேட் தானாகக் கிடைத்துவிடாது. 1975-க்குப் பிந்தைய மாடல் என்றால் அந்த மாநிலத்தின் தனிப் புகைச் சோதனையில் தேறியாக வேண்டும். அங்கே ஒரு ஆர்32-ஐத் தேற்றுவதற்கு என்னென்ன மாற்றுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)